என் பெயரில் அணைத்த சூடம்

இக்கூட்டத்துக்குத் தலைமை வகிக்கும் பஞ்சாயத்து போர்டுத் தலைவர் முத்துராமன் அவர்களே, பெண்கள் பக்கத்தில் முதல் பாயில் அமர்ந்திருக்கும், ஏஜெண்டு ஆத்மநாதன் அவர்களின் மனைவி அழகம்மாள் அவர்களே, வெயிலையும் பொருட்படுத்தாமல் இந்த ரைஸ்மில் களத்தில் கூடியிருக்கும் கறம்பக்குடிப் பெரியோர்களே, கந்தர்வக்கோட்டைப் பக்கத்திலிருந்தும் ஆலங்குடிப் பக்கத்திலிருந்தும் வந்திருக்கும் பெற்றோர்களே, பஸ் கம்பெனி ஊழியர்களே, எல்லோருக்கும் என் வணக்கம்.

மறைந்த ஏஜெண்டு ஆத்மநாதன் அவர்களைப் பற்றிப் பேச என்னை அழைத்தீர்கள். பேசுகிறேன். அதற்கு முன், என்னைப் பற்றி இந்த ஊரில் சொல்லப்படுகிற ஒன்றைத் திருத்தியாக வேண்டும்.

புதுக்கோட்டையில் பெண்கள் விடுதி நடத்தும் செபமாலை அம்மாள், அதாவது நான், உங்கள் பெண்களைப் பத்திரமாக வைத்திருப்பேன் என்று கருப்பர் கோயிலில் சூடம் அணைத்துச் சத்தியம் செய்து கொடுத்ததாகச் சொல்கிறீர்கள். நான் நேரில் வர முடியாததால் ஏஜெண்டை அனுப்பி, என் பெயரைச் சொல்லி அவர் கையால் அணைக்கச் சொன்னதாகச் சொல்கிறீர்கள். இது உண்மை அல்ல. நான் யாரையும் அனுப்பவில்லை. என் பெயரில் சத்தியம் செய்யும்படி யாரிடமும் சொல்லவில்லை. எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்தால் அந்த வாக்கை மீற முடியாது என்ற வழக்கமே, திருமணமாகி இந்தச் சீமைக்கு வந்த பிறகுதான் எனக்குத் தெரியும். அப்படி ஒரு சத்தியம் என் தலைமேல் இருக்கிறது என்பதோ, அவர் இறந்த பிறகுதான் தெரியும்.

மேடை ஏறும்போது தலைவர் அவர்கள் என்னைத் தடுத்தார். "அம்மா, அத மட்டும் இன்னைக்கி எடுக்காதீங்க. நாலு நல்ல வார்த்தை சொல்லி முடிச்சுக்கங்க. ஸ்கூல் தொறக்கட்டும், பெறகு பாத்துக்குவோம்" என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். இந்தத் திருத்தத்தால் விடுதி காலியாகிவிடலாம் என்று அவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் இறந்தவரைப் புகழ வந்த இடத்தில், அவர் சொன்ன பொய்யை மறைத்துவிட்டு எப்படிப் புகழ்வது? பொய்யை மறைத்தால் மனிதரில் பாதியை மறைத்ததாகாதா? அந்தப் பொய் இல்லாவிட்டால் என் வீட்டில் ஒரு பெண்கூடப் படித்திருக்க மாட்டாள். அதற்காக நான் அவருக்கு நன்றி சொல்ல வேண்டுமா, அவரைக் கோபித்துக்கொள்ள வேண்டுமா? பல நாட்களாக யோசிக்கிறேன். விளங்கவில்லை. விளங்காமலேதான் இங்கே நிற்கிறேன்.

யார் இந்த ஆத்மநாதன்? பஸ் கம்பெனி ஏஜெண்டு. இந்த பஸ் ஸ்டாண்டில் ஒரு மர நாற்காலி, ஒரு விசில், ஊர் முழுவதும் கேட்கும் ஒரு குரல். அவ்வளவுதான் அவருடைய சொத்து என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். உங்களுக்குத் தெரியும். அவர் விசில் ஊதினால் பஸ் கிளம்பும். அவர் கை காட்டினால், பஸ் நின்று ஒரு பிரசவக்காரியை ஏற்றிக்கொள்ளும்.

சமஸ்தானம் இந்திய யூனியனோடு சேர்ந்து சில ஆண்டுகளில் என் கணவர் காலமானார். சமஸ்தான உத்தியோகத்தில் இருந்தவர் அவர். எனக்குப் பெரிய வீடு மிஞ்சியது. கிராமத்துப் பெண்கள் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறார்கள், ஹைஸ்கூல் புதுக்கோட்டையில் இருக்கிறது, தங்க இடம் இல்லை என்று கேள்விப்பட்டேன். வீட்டை விடுதியாக்கினேன். நோட்டீஸ் அச்சடித்து எல்லா பஸ்களிலும் ஒட்டச் சொன்னேன். யாரும் வரவில்லை. நோட்டீஸைக் கிழித்துக் கையில் எடுத்துக்கொண்டு வந்தவர் ஒருவர்தான்.

"இத நீங்களாம்மா எழுதுனீங்க?" என்று கேட்டார்.

"ஆமாம். பிழை ஏதும் இருக்கிறதா?"

"ஒரு பிழையும் இல்ல. அதான் யாரும் வரல."

எனக்குப் புரியவில்லை என்றேன்.

"விதிமுறைகள்னு போட்டு ஒரு பக்கம் அடிச்சிருக்கீங்க. வயசுப் புள்ளைய வெளியூருக்கு அனுப்புறவன் விதியவா படிப்பான்? யாரு வீடு, யாரு சொன்னா, நாளைக்கி ஒண்ணுன்னா யாரு சட்டையப் புடிக்கிறதுன்னு கேப்பான். சட்டையப் புடிக்க ஒரு ஆளு வேணும்மா. நான் இருக்கேன், விடுங்க."

அடுத்த மாதமே பெண்கள் வந்தார்கள். தகரப் பெட்டியும் தலையணையுமாக வந்தார்கள். எப்படி வந்தார்கள் என்று நான் கேட்கவில்லை. என் விதிமுறைகளைத் தாமதமாகவாவது படித்துப் புரிந்துகொண்டார்கள் என்றே நினைத்தேன்.

அவர் ஒரு பெண்ணை பஸ்ஸில் ஏற்றிவிடும் காட்சியை நான் பார்த்ததில்லை. கண்டக்டர் இருளாண்டி சொல்லிக் கேட்டிருக்கிறேன். அவருக்கு நான் டீச்சரம்மா. பஸ் முழுக்கக் கேட்கும்படி கத்துவாராம். "டேய் இருளாண்டி, இது டீச்சரம்மா வீட்டுப் புள்ள. பக்கத்து சீட்டுல ஒரு பய குந்தக் கூடாது. வாசல் வரைக்கும் கொண்டுபோய் விட்டுட்டு, அந்தம்மா முகத்தப் பாத்துட்டுத்தான் திரும்பணும். சிரிக்கிறாங்களான்னு பாக்காத. சிரிக்க மாட்டாங்க." இருளாண்டி இதை என்னிடம் நடித்துக் காட்டினார். நான் சிரிக்கவில்லை. "சரியாத்தான் சொல்லியிருக்காரு" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

ஐம்பத்தைந்தாம் வருடத்துப் புயல் உங்களுக்கு நினைவிருக்கும். சாலையெல்லாம் மரம் விழுந்து பஸ் ஓடாமல் கிடந்தபோது, ஆத்மநாதன் அவர்கள் பாதி வழி மாட்டு வண்டியிலும் மீதி வழி நடையுமாகப் புதுக்கோட்டைக்கு வந்தார். வாசலில் நின்று ஒவ்வொரு பெண்ணாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தார். தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பினார். அது சேவை. யாரும் கேட்காமல், யாரும் அனுப்பாமல், தானே போய்ப் பார்த்துவிட்டு வருகிற சேவை. ஆனால் திரும்பி வந்து உங்களிடம் என்ன சொன்னார்? "டீச்சரம்மா விடிய விடியக் கதவுக்கு முதுகு குடுத்து நின்னாங்க" என்று சொன்னார். அடுத்த தடவை விடுதிக்கு வந்த ஒரு தாய் என் முதுகைத் தடவிப் பார்த்து, "இன்னும் வலிக்குதாம்மா?" என்று கேட்டார். என் கதவு தேக்கு. அதற்கு யாரும் முதுகு கொடுக்க வேண்டியதில்லை. பெண்களை உள்ளறையில் உட்காரவைத்துவிட்டு, ஜெபம் சொல்லிக்கொண்டே நான் தூங்கிவிட்டேன். அந்தத் தாயிடம் அப்படியே சொன்னேன். என் தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டு போய்விட்டார். தன்னடக்கம் என்னிடம் இல்லாத குணம். அதையும் இங்கே திருத்திவிடுகிறேன்.

இனி மாசி மாதத்தில் நடந்ததைச் சொல்ல வேண்டும். உங்களில் பலருக்கு அது தெரியும். என் வாயால் கேட்டதில்லை.

முந்திரித் தோப்பு வைத்திருக்கும் ஆண்டியப்பன் இங்கே முன்வரிசையில் இருக்கிறார். அவர் மகள் மூக்காயி எங்கள் விடுதியில் இருந்து எட்டாம் வகுப்புப் படிக்கிறாள். மாசியில் ஒரு மத்தியானம் ஆத்மநாதன் அவர்கள் வந்து கேட்டில் நின்றார்.

"மூக்காயிய அனுப்புங்கம்மா. அவ தாத்தனுக்கு இழுத்துக்கிட்டுக் கெடக்கு. பேத்திய ஒரு தடவ பாக்கணும்கிறாரு."

"அவள் அப்பா எங்கே?"

"பக்கத்துல ஒக்காந்து வாயில பால் விட்டுக்கிட்டு இருக்கான். அவன் எப்படி எந்திரிச்சு வருவான்?"

"அவர் கைநாட்டு வைத்துச் சீட்டு கொடுத்தாரா?"

"சீட்டா? நான் வந்திருக்கேன்லம்மா."

"நீங்கள் அவளைப் பெற்றவர் இல்லை. பெற்றவர்கள் நேரில் வர வேண்டும், அல்லது எழுதிக் கொடுத்தனுப்ப வேண்டும். இது உங்களுக்கே தெரியும்."

அவர் கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "இந்த வீட்டுல இருக்குற அம்புட்டுப் புள்ளையும் நான் ஏத்தி அனுப்புனதும்மா. என்னைய நம்பலையா நீங்க?"

"இல்லை" என்றேன். "இந்த விஷயத்தில் நான் யாரையும் நம்புவதில்லை. இன்று உங்கள் முகத்துக்காகக் கொடுத்தால், நாளைக்கு உங்கள் பெயரைச் சொல்லிக்கொண்டு வேறு ஒருவன் வந்து நிற்பான்."

கம்பியிலிருந்து கையை எடுத்தார். "சரி" என்றார். அடுத்த பஸ்ஸில் திரும்பிப்போனார். மறுநாள் காலையில் ஆண்டியப்பனின் கைநாட்டோடு வந்தார். பெண்ணை அனுப்பினேன். அவள் போய்ச் சேர்ந்தபோது தாத்தாவை எடுத்துவிட்டார்கள்.

அந்த விதி தவறு என்று நான் இன்றும் சொல்ல மாட்டேன். யாராவது அதைத் தளர்த்தச் சொன்னால் மறுப்பேன். ஆனால் அவர் அதன் பிறகு அந்த நாளைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. சித்திரையில் லீவுக்குப் பெண்களை அழைத்துப்போக வந்தபோதும் பேசவில்லை. புண்பட்டுவிட்டார் என்று நினைத்தேன். அடுத்த வாரம், பஸ் ஸ்டாண்டில் தன் நாற்காலியிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார் என்று செய்தி வந்தது. முகத்துக்கு நேரே உன்னை நம்பவில்லை என்று நான் சொன்ன மனிதர், அதற்குப் பதில் சொல்லாமலே போய்விட்டார் என்று இருந்தேன்.

பதினாறாம் நாள் துக்கம் கேட்க இந்த ஊருக்கு வந்தேன். இத்தனை வருடங்களில் நான் கறம்பக்குடியில் முதன்முதலாகக் காலடி வைத்தது அன்றுதான். அங்கே இருளாண்டி என்னிடம் சொன்னார். மாசியில் கேட்டிலிருந்து திரும்பி வந்த ஆத்மநாதன், பஸ் ஸ்டாண்டில் நாற்காலிமேல் ஏறி நின்று கத்தினாராம். "கேளுங்கய்யா! எனக்கே குடுக்க மாட்டேனுட்டாங்க அந்தம்மா. என்னையே நம்பலையாம். இனிமே எம் பொண்ணு அங்க பத்திரமா இருக்காளான்னு எவனாச்சும் எங்கிட்டக் கேட்டீங்க, பாத்துக்கங்க." ஒரு வாரம் போகிற வருகிற பஸ்ஸுக்கெல்லாம் இதையே சொல்லிச் சந்தோஷப்பட்டாராம். ஆண்டியப்பனிடம் மட்டும் சொல்லவில்லையாம். அவரைப் பார்த்தால் தலையைக் குனிந்துகொள்வாராம்.

நான் நம்பவில்லை என்று சொன்னதை வைத்து, என்னை நம்பலாம் என்று ஊருக்குச் சொன்னார். இது என்ன கணக்கு? எனக்குத் தெரியவில்லை.

அதே நாளில்தான் சூடத்தைப் பற்றியும் கேட்டேன். முதலில் நான் ஏற்கவில்லை. அவர் மனைவி அழகம்மாள் அவர்களிடம் நேரே போய்க் கேட்டேன். அவர் அனுமதியோடு அதை இங்கே சொல்கிறேன்.

"தெரியாம என்ன? கை கொப்புளிச்சு வந்து நின்னாரு. நான்தானே வெண்ணெ தடவிவிட்டேன்" என்றார் அழகம்மாள். "யாருக்காக அணைச்சீங்கன்னு கேட்டேன். டீச்சரம்மாவுக்காகன்னாரு. அவங்க சொன்னாங்களான்னேன். அவங்க வேதக்காரங்க, செத்தாலும் சொல்ல மாட்டாங்கன்னாரு. அப்பப் பொய்யில்லையான்னேன். 'பொய்யி நான் சொல்றது. மெய்யி அவங்க செய்யிறது. போயி வேலையப் பாரு'ன்னு சொல்லிட்டாரு."

என்னிடம் ஏன் மறைத்தார்? கேட்டால் நான் மறுத்துவிடுவேன் என்று அவருக்குத் தெரியும். அப்படியானால் என்னை எவ்வளவு சரியாகத் தெரிந்துவைத்திருந்தார்! நான் அந்த வாக்கைக் கேட்காமலே காப்பாற்றுவேன் என்று எதை வைத்துத் தன் கையைச் சுட்டுக்கொண்டார்? நான் தவறியிருந்தால் அந்தச் சாமி யாரைக் கேட்டிருக்கும்? அவரைத்தானே? எனக்கு அந்தச் சாமியில் நம்பிக்கை இல்லை. அவருக்கு இருந்தது. இருந்தும் அணைத்தார்.

நான் படித்தது திருச்சியில் ஒரு கன்னியர் மடத்துப் பள்ளியில். அங்கே விசுவாசம் வேறு, நம்பிக்கை வேறு என்று சொல்லித் தந்தார்கள். கண்ணால் காணாததை ஏற்றுக்கொள்வது விசுவாசம். இனி வரப்போவதற்காகக் காத்திருப்பது நம்பிக்கை. பரீட்சையில் இரண்டையும் பிசகாமல் எழுதி முதல் பரிசு வாங்கினேன். இங்கே வந்தால், விசுவாசம் என்ற சொல்லை வேலையாளுக்கும் நாய்க்கும் வைத்திருக்கிறீர்கள். மற்ற எல்லாவற்றுக்கும் நம்பிக்கை என்ற ஒரே சொல். "ஏஜெண்ட நம்பி ஏத்திவிட்டேன்" என்கிறீர்கள். அவரோ என்னை நம்பி ஏற்றிவிட்டார். நான் கைநாட்டை நம்பினேன். நீங்கள் சூடத்தை நம்பினீர்கள். உங்கள் பெண்கள் யாரை நம்பி அந்த பஸ்ஸில் ஏறினார்கள்? அதை யாராவது கேட்டோமா? யாருடைய நம்பிக்கை யார்மேல் நின்றது என்று பிரித்துப் பார்க்கிறேன். பிரிக்கப் பிரிக்கச் சிக்கலாகிறது. எது பொய், எது மெய் என்று சொல்ல முடிகிறது. எது எதைத் தாங்கியது என்று சொல்ல முடியவில்லை.

இப்போது உங்களுக்கு ஒரு சந்தேகம் வந்திருக்கிறது. இந்தக் கூட்டத்துக்கு முன்பே டீக்கடையிலும் கோயில் வாசலிலும் அதைத்தான் பேசியிருக்கிறீர்கள். ஆண்டியப்பன் அதை என்னிடம் நேராகவே கேட்டார். அதற்காக அவரை மதிக்கிறேன். "அணைச்ச கையே சாம்பலாப் போச்சு. இனி அந்தச் சத்தியம் யாரக் கட்டும்மா?" என்று கேட்டார். அவர் மடிமேல் ஒரு பித்தளைத் தட்டு இருக்கிறது. அதில் சூடம் இருக்கிறது. "ஒரு தடவ நீங்களே அணைச்சிருங்கம்மா. கண்ண மூடித் தெறக்குறதுக்குள்ள முடிஞ்சுரும். எம் பொண்ணு மட்டுமில்ல, எல்லாப் புள்ளையும் வரும்" என்றார். அவர் சொல்வது உண்மை என்று எனக்குத் தெரியும். நான் இறங்கி வந்து அந்தத் தட்டில் கையை வைத்தால் விடுதி நிறையும். வைக்காவிட்டால் நிறையுமா என்று தெரியாது.

யோசிக்காமல் மறுத்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். அந்த மனிதர் என் பெயரில் சொன்ன பொய்யை, என் கையால் மெய்யாக்கிவிடலாமே, அதைவிட அவருக்கு வேறு என்ன மரியாதை செய்ய முடியும் என்று எனக்கும் தோன்றியது. சற்று முன்பு வரை தோன்றிக்கொண்டிருந்தது. ஆனால் முடியாது. ஆணையிடக்கூடாது என்று எனக்குச் சிறு வயதிலேயே கற்பித்திருக்கிறார்கள். அது ஒரு காரணம். இன்னொன்று, இன்று நான் சூடத்தை அணைத்தால், இனி உங்கள் பெண்களுக்கு நான் செய்வதெல்லாம் கருப்பருக்குப் பயந்து செய்வதாகிவிடும். இதுவரை யாருக்கும் பயந்து செய்யவில்லை. ஆண்டியப்பன் அவர்களே, தட்டை எடுத்துப்போய்விடுங்கள். உங்கள்மேல் வருத்தம் இல்லை.

அப்படியானால் எதை வைத்து அனுப்புவது என்று கேட்பீர்கள். என்னிடம் உங்களுக்குக் கொடுக்க ஆத்மநாதன் அவர்களின் குரல் இல்லை. ஊரைச் சிரிக்கவைக்கத் தெரியாது. நடந்ததைப் பெரிதாக்கிச் சொல்லவும் தெரியாது. அவர் விட்ட வேலையை என்னால் முடிந்த அளவில் தொடர்வேன் என்று இந்தச் சபையில் சொல்கிறேன். ஒவ்வொரு முறை பள்ளி திறக்கும்போதும் நானே இந்த பஸ் ஸ்டாண்டுக்கு வருவேன். பெண்களை நானே ஏற்றி, அவர்களோடு நானே பயணம் செய்வேன். சட்டையைப் பிடிக்க ஆள் வேண்டும் என்று அவர் சொன்னார். நான் சேலை உடுத்துகிறவள். ஆனால் கேள்வி கேட்க வேண்டியவர்கள் அந்த நாற்காலிக்கு எதிரில் வந்து என்னைக் கேட்கலாம். கண்டக்டர் இருளாண்டி முன்போலவே பெண்களை வாசல்வரை கொண்டுவந்து விடுவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். விதிமுறைகள் மாறாது. பெற்றவர்கள் எழுதித் தராமல், தலைவர் அவர்களே வந்து கேட்டாலும் பெண்ணை அனுப்ப மாட்டேன்.

இது போதுமா? எனக்குத் தெரியாது. சத்தியம் இல்லாமல், அவரும் இல்லாமல், உங்கள் பெண்ணை என்னிடம் அனுப்பும்படி கேட்பது இதுதான் முதல் தடவை. நானாகக் கேட்பதும் இதுதான் முதல் தடவை. இத்தனை காலம் எனக்காக அவர்தான் கேட்டிருக்கிறார்.

ஆத்மநாதன் அவர்களின் ஆன்மா இளைப்பாறட்டும். அழகம்மாள் அவர்களுக்கு ஆறுதல் கிடைக்கட்டும்.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஜூன் மாதம் பள்ளி திறக்கிறது. உங்கள் பெண் வருவாளா, வரமாட்டாளா என்று எனக்கு எழுத்தில் பதில் வேண்டும். ஆள் மூலம் சொல்லியனுப்ப வேண்டாம். யார் வந்து சொன்னாலும் ஏற்க மாட்டேன். நீங்கள் எழுத முடியாதவர்களாக இருந்தால், உங்கள் பெண்ணையே எழுதச் சொல்லிக் கீழே கைநாட்டு வையுங்கள். அவள் நன்றாக எழுதுவாள். வரமாட்டாள் என்று நீங்கள் முடிவு செய்திருந்தால், அதையும் அவள் கையாலேயே எழுதச் சொல்லுங்கள். அவள் எழுதும்போது பக்கத்தில் இருங்கள். மே மாதம் முடிவதற்குள் பதில் எனக்குக் கிடைக்கும்படி தபாலில் போடுங்கள்.